சாவிக்கொத்துப் பூனை

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்துத்தான் என் மாமியார் என் கையில் சாவி கொடுத்தார். மொத்தம் இரண்டே சாவி. ஒன்று இரும்பு பீரோவுக்கு, இன்னொன்று சாமான் அறைக்கு. அவர் இடுப்பில் தொங்கிய பெரிய கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் அருப்புக்கோட்டையையே எனக்கு எழுதி வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது. பரளச்சிப் பக்கம் பருத்திக்காட்டில் பிறந்து வளர்ந்து, அருப்புக்கோட்டையில் ஒரு வியாபாரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டிருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. வாய் மட்டும் பி.ஏ. வீட்டின் முன்பாதி கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு என்று மாட்டுத் தீவன வியாபாரம். அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். மாமனார் முன்னமே காலமாகிவிட்டதால் வீடு முழுக்க அத்தையின் ஆட்சி. அத்தை கொடுமைக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமியார் என்றதும் கேட்கிறவர்கள் எல்லாப் பழியையும் அந்தம்மா தலையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இதில் பழி என்னுடையது.

அத்தைக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். "வச்ச எடம் தெரியாதவளுக்குச் சாவி ஒரு கேடா?" என்பார். நானோ தலையில் குடத்தை வைத்துக்கொண்டே குடத்தைத் தேடுகிற ரகம். இடுப்பில் செருகினால் சாவி நழுவிவிடும். முந்தானையில் முடிந்தால் முந்தானையோடு சேர்த்துத் துவைத்துவிடுவேன். அடுப்படிக்குப் போகும் வழியில் ஒரு ஆணி அடித்து, "இதுதான் ஒன் சாவிக்கு எடம்" என்று அத்தை காட்டியிருந்தார். அந்த ஆணி முக்கால்வாசி நேரம் சும்மாதான் இருக்கும்.

சாவி கைக்கு வந்த முதல் மாதத்திலேயே இரண்டு முறை தொலைந்தது, இரண்டு முறையும் அதைக் கண்டெடுத்துக் கொடுத்தது டீச்சர். எங்கள் வீட்டின் பின்பக்கம் தனி வாசல் வைத்த ஒரு அறை இருந்தது. அதில் குடியிருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். என்னைவிட மூன்று வயதோ நான்கு வயதோ மூத்தவர், கல்யாணமாகவில்லை. எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். அப்பா கிராமத்து வேதக்கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார். என் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பார், அதனால் என்னை மதினி என்பார். துவைகல் பக்கத்தில் ஒரு தடவை, கிணற்றடியில் ஒரு தடவை, அத்தை கண்ணில் படுவதற்கு முன்னால் சாவியை எடுத்து ரவிக்கைத் துணிக்குள் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"சாவி சின்னதா இருக்கு மதினி, அதான் கையில தட்டுப்படல. இதுக்கு ஒரு உருவத்தக் கட்டி விட்டுட்டா தொலையாது" என்றார் இரண்டாவது தடவை.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீச்சர் தன் வாசல்படியில் உட்கார்ந்து குரோஷா ஊசியால் லேஸ் பின்னுவார். கோயில் மேசை விரிப்புக்கு ஓரம். வெள்ளை நூலில் திராட்சைக் குலையும் இலையுமாக விழும். நான் எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். அவர் கை அது பாட்டுக்கு ஓடும். அந்த ஊசியைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, முனையில் சின்னக் கொக்கி வைத்த ஒரு கம்பி. அதை வைத்துக்கொண்டு அவர் நூலுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார்.

என்ன உருவம் செய்யலாம் என்று யோசித்தோம். கிளி என்றேன், ஆனை என்றேன். "கடையில எலித்தொல்லை எலித்தொல்லைன்னு பொழுதன்னிக்கும் பொலம்புறீக. பூனையே செஞ்சிருவோம்" என்றார். எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு குறைவு. பக்கத்துத் தறிவீட்டில் கேட்டால் மிச்ச நூல் கை நிறையக் கொடுப்பார்கள். செம்மண் நிறத்தில் கொஞ்சம், கறுப்பில் கொஞ்சம் வாங்கி வந்தேன்.

விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம். அதற்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. அதற்கடுத்ததில் ஒன்று விட்டு ஒன்றில் கூட்டினால் பதினெட்டு. தட்டு மாதிரி விரிந்துகொண்டே போகும். கூட்டுவதை நிறுத்தினால் தட்டு குனிந்து கிண்ணமாகும். குறைக்க ஆரம்பித்தால் கிண்ணம் வாய் மூடிப் பந்தாகும். எனக்கு இது முதலில் மந்திரம் போலத்தான் இருந்தது. என் கை இறுக்கம். ஒவ்வொரு கண்ணியையும் மாட்டைக் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டுவேன். பிறகு ஊசி உள்ளே நுழையாது. "நூலு எங்கயும் ஓடிறாது மதினி, கொஞ்சம் தளத்தி விடுங்க" என்று சிரிப்பார். என் முதல் பூனை கத்தரிக்காய் மாதிரி வந்தது. என் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "இத எண்ணெயில வதக்கலாமா?" என்று கேட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இரண்டாவது பூனை உட்கார்ந்தது. எலுமிச்சம்பழம் அளவு உடம்பு, அதைவிடக் கொஞ்சம் சின்னத் தலை, இரண்டு காது, முதுகில் கறுப்புப் பட்டை, சுருண்ட வால். கண்ணுக்குக் கறுப்பு நூலில் முடிச்சு. அடிப்பக்கம் மட்டும் விரல் நுழைகிற அளவு திறந்து வைத்திருந்தோம், பஞ்சு அடைக்க.

பஞ்சில்தான் என் புத்தி வேலை செய்தது. டீச்சர் தன் தலையணையில் மிஞ்சிய சுத்தமான பஞ்சைக் கொடுத்திருந்தார். நான் அதை எடுக்கவில்லை. எங்கள் அப்பா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் எடுப்புப் பருத்தியில் ஒரு கை அள்ளி, கட்டிக் கொடுத்த மகள் வீட்டுக்கு அனுப்புவார்கள். கொட்டை எடுக்காமல் அப்படியே அனுப்ப வேண்டும். கொட்டையைப் பிரித்துவிட்டால் அது வெறும் பஞ்சு. கொட்டையோடு இருந்தால்தான் அது வெள்ளாமை, போகிற வீட்டிலும் விளையும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வருஷம் அப்பா அனுப்பிய கைப்பருத்தி என் டிரங்குப்பெட்டியில் இருந்தது. மாமியார் கொடுத்த சாவியில் அப்பா கொடுத்த பருத்தி இருக்கட்டும் என்று நினைத்தேன். கொட்டையும் இருந்தால் பூனை கனமாகவும் இருக்கும். அடைத்துத் தைத்துவிட்டேன்.

மறுநாள் டீச்சர் பூனையை வாங்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "உள்ள கொட்டை கெடக்கே மதினி. பிரிச்சு எடுத்துட்டு வேற பஞ்சு வைங்க" என்றார்.

"பருத்திக்காட்டுல பெறந்தவளுக்கே பஞ்சப் பத்திப் பாடமா?" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் திமிரும் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அத்தைக்குப் பூனையைப் பிடித்துப் போயிற்று. "இதுக்கும் பாலு ஊத்தணுமா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். இரண்டு மாதம் பூனை ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது. டீச்சர் சொன்னது சரிதான், கையில் தட்டுப்பட்டது, சாவி ஒரு நாளும் தொலையவில்லை.

கார்த்திகை மாதம். ஒரு சாயங்காலம் சாமான் அறையில் பருத்திக்கொட்டை மூட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பூனையைக் கழற்றி ஒரு மூட்டைமேல் வைத்திருந்தேன். நடுவில் வீட்டுக்காரர் காப்பி கேட்டார், போனேன். அடுப்பில் பால் பொங்கியது, நின்றேன். அப்போது டீச்சர், வாங்கிப் போன மாவுச் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "நானே உள்ள வச்சிட்டுப் போறேன் மதினி" என்று சாமான் அறைக்குப் போய் வைத்துவிட்டுப் போனார். நான் அறையை வெறுமனே சாத்திவிட்டு வந்து படுத்தேன். பூனை ஞாபகமே இல்லை.

காலையில் ஆணி காலியாக இருந்தது. உடனே மூட்டை ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன், மூட்டைமேல் இல்லை. கீழே, சந்தில், சல்லடைக்கு அடியில், எங்கும் இல்லை. மூட்டை மூட்டையாகப் புரட்டிக்கொண்டிருக்கும்போது அத்தை வாசலில் நின்றார்.

"என்னத்தத் தேடுற?"

"சாவிய, அத்த."

"எங்க வச்ச?"

மூட்டைமேல் வைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? அரைமணி நேரம் திட்டு. சாவி ஒரு மாதத்துக்கு அவர் இடுப்புக்குத் திரும்பிப் போயிருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சாவியை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வீட்டில் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆணியிலதான் மாட்டுனேன் அத்த" என்றேன்.

"ஆணியில மாட்டுனது எங்க போகும்? காலு மொளச்சு நடந்து போச்சா?" என்றார். பிறகு, "நேத்து யாரு வந்தா?" என்று கேட்டார்.

"யாரும் வரல. டீச்சர் மட்டும் சல்லடை குடுக்க வந்தாக."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் விசேஷம். முதலில் சொன்ன பொய்க்குப் பின்னால் வருகிற உண்மை, பொய்யைவிடப் பொல்லாதது.

அத்தை டீச்சரைத் திருடி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "டீச்சர், நேத்து உள்ள வந்தீகளே, ஆணியில அந்தப் பூனையப் பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆணியில பாக்கலையே பெரியம்மா" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆணியில் மாட்டினேன் என்கிறாள் மருமகள். ஆணியில் இல்லை என்கிறார் குடியிருக்கிறவர். இரண்டில் ஒருத்தி பொய் சொல்கிறாள். வீட்டு மருமகள் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்? அத்தை இப்படித்தான் யோசித்திருப்பார், யாராக இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

பூட்டுக்காரரைக் கூட்டி வந்து பீரோவைத் திறந்தார்கள். நகை, பட்டுப்புடவை, நிலப் பத்திரம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. இதோடு விட்டது என்று நினைத்தேன். அத்தையோ, "இன்னும் எடுக்கல, அம்புட்டுத்தான். சாவிதான் கையில இருக்கே" என்றார். எல்லாப் பூட்டையும் மாற்றச் சொன்னார். தெருவில் பூட்டுக்காரர் வந்து போன வீடு என்றால் ஏன், எதற்கு என்று கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். அத்தை பேர் எதுவும் சொல்லவில்லை. பேர் சொல்லாததாலேயே எல்லாருக்கும் பேர் தெரிந்துபோயிற்று.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, "கடைக்குச் சரக்கு வைக்க எடம் பத்தல டீச்சர், அந்த ரூமு வேணும்" என்றார் அத்தை. டீச்சர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, தையல் மிஷினையும் டிரங்குப்பெட்டியையும் வண்டியில் ஏற்றினார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"போயிட்டு வாரேன் மதினி."

சொல்லிவிட்டும் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் வண்டிமாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போனார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க சாமான் அறையைக் காலி செய்தபோது பூனை கிடைத்தது. மூட்டை எல்லாம் எடுத்தபின், மூலையில் சுவரோரம் பெருச்சாளி வளை. கடையில் எலிகளுக்கு நடுவே பூனைக்குட்டி அளவு பெருச்சாளிகள் சுற்றியதை நாங்கள் அறிவோம். கொட்டை மூட்டையைக் கடித்துத் தள்ளுவது அவற்றின் தினப்படி வேலை. வளை வாயில் வளையமும் இரண்டு சாவியும் தெரிந்தன. இழுத்தேன். பூனையின் தலை, காது, கண் எல்லாம் அப்படியே இருந்தன. வயிறு மட்டும் கிழிந்து, உள்ளே இருந்த கொட்டை முழுக்கத் தீர்ந்து உமி கிடந்தது. எலி பிடிக்கச் செய்த பூனையைப் பெருச்சாளி பிடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போட்டே சிரித்தேன். அப்புறம்தான் டீச்சர் வண்டியில் ஏறிப் போனது ஞாபகம் வந்து, துடைப்பத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். எழுந்து போய்க் காட்டினால் போதும். காட்டினால், ஆணியில் தொங்கியதைப் பெருச்சாளி எப்படி எடுத்தது என்று கேட்பார். பெருச்சாளிக்கு ஆணி எட்டாது. அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தேன். டீச்சர்தான் போய்விட்டாரே, இனிமேல் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். சாவியோடு சேர்த்துப் பூனையை மடியில் கட்டிக்கொண்டு போய், சந்து முனையில் இருந்த பாழுங்கிணற்றில் போட்டேன். வந்து கையைக் கழுவிக்கொண்டு பொங்கலுக்குப் பானை விளக்கினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அதைவிடக் கெட்டிக்காரி, என் புளுகு எட்டு வருஷம் நின்றது. ஆனால் இதோடு நின்றிருந்தால் நான் இன்றைக்கு இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், இன்னொருவர் அவருடைய மகள் போல இருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் கேட்டு வந்து உட்கார்ந்து ஊர் எது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெண்ணை நேரில் பார்ப்பதற்கு முன்னால் அவள் இருந்த தெருவில் விசாரிப்பார்கள். என்னையும் அப்படி விசாரித்துத்தான் கட்டி வந்தார்கள்.

"இங்க ஒரு தையல் டீச்சர் இருந்தாகளாமே, எப்படிம்மா?" என்றார் பெரியவர். விருதுநகர்க்காரர்கள். பையன் வாத்தியார் வேலையில் இருப்பதாக மகள் சொன்னார்.

"தங்கமானவுக" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். நன்றாகச் சமைப்பார், கைவேலை தெரியும், அதிர்ந்து பேச மாட்டார் என்று அடுக்கினேன். பெரியவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அப்புறம் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"அம்புட்டு நல்ல புள்ள ஏம்மா வீட்டக் காலி பண்ணுச்சு? என்னமோ சாவி கீவின்னு தெருமுனையில ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. தப்பா நெனைக்காத, நாங்க பொம்பளப்புள்ள எடுக்குற வீடு."

உள் அறையில் அத்தை படுத்திருந்தார். தூங்கினாரா, கேட்டுக்கொண்டிருந்தாரா, தெரியாது. அது ஒன்றும் நடக்கவில்லை, சாவியை நான்தான் தொலைத்தேன், கிடைத்தும் விட்டது என்று தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தால்கூடப் போதும். பூனை கதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் நம்பத் தயாராகத்தான் இருந்தார், அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

"அதெல்லாம் பெரியவுகளுக்குத்தான் தெரியும். நான் சின்னவ, எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

பெரியவர் மகளைப் பார்த்தார். மகள் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். அத்தையை எழுப்பட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, தூங்கட்டும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துகொண்டார்கள். விசாரிக்க வருகிறவர்களுக்கு அவ்வளவு போதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில் அத்தை இறந்துபோனார். கடைசிவரை அவரிடமும் சொல்லவில்லை. அவருடைய சாவிகள் முழுக்க என்னிடம் வந்தன. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போகும் வழியில், திருச்சுழியில் பஸ் மாறக் காத்திருந்தேன். நிழலுக்கு ஒதுங்கினால், அங்கே குடையும் கைப்பையுமாக டீச்சர் நின்றுகொண்டிருந்தார். தலையில் அங்கங்கே நரை. கழுத்தில் தாலி இல்லை, விரலில் மோதிரமும் இல்லை. முதலில் என் கண் போனது அங்கேதான்.

"மதினி!" என்று அவர்தான் முதலில் கூப்பிட்டார். பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறி ஏழு வருஷம் ஆயிற்றாம். அத்தை இறந்ததைச் சொன்னதும், "பெரியம்மா நல்லவுக" என்றார். அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளை ஐஸ் வாங்க அனுப்பிவிட்டு, மூட்டை, பெருச்சாளி, பாழுங்கிணறு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஸ் நிலையம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. சல்லடைய வைக்கப் போனேன்ல, மூட்டை மேல பூனை உக்காந்திருந்துச்சு. நாந்தான் கண்ணால பாத்தேனே. கொட்டை வாசத்துக்கு எதோ தூக்கிருச்சுன்னு காலையிலயே புரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் சொல்லல டீச்சர்?"

"மூட்டை மேல பாத்தேன்னு சொன்னா, ஆணின்னு சொன்ன நீங்க பொய்யின்னு ஆயிரும்ல. சாவி வாங்கி நாலு மாசங்கூட ஆகல உங்களுக்கு. நீங்களே ரெண்டு நாள்ல சொல்லிருவீகன்னு இருந்தேன். போற அன்னைக்குக்கூட நின்னு பாத்தேன்." சிரித்தார். "விடுங்க. ஒரு சாவிக்குப் போயி எட்டு வருசமா மனசுல சுமந்தீகளா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "நீங்க ஏன் டீச்சர் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்டேன். என் வாய்க்கு அன்றைக்கும் பூட்டு இல்லை.

"அமையல மதினி. அந்த வருசமே விருதுநகர்ல இருந்து ஒரு நல்ல எடம் வந்துச்சு. அவரும் வாத்தியார்தான். போட்டோ பாத்து, அவுகளுக்கும் புடிச்சு, பொண்ணு பாக்க நாள் வரைக்கும் சொல்லிட்டாக. அப்புறம் ஒரு காயிதமும் வரல. ஏன்னு அப்பா ரெண்டு தடவை எழுதிக் கேட்டாரு. பதில் இல்ல. நேர்ல பாத்த யாரோ என் கலரச் சொல்லிட்டாக போல, அதான் வேணாம்னுட்டாகன்னு அப்பா நெனச்சுக்கிட்டாரு. அவரு கலருதான் எனக்கு. அதச் சொல்லிச் சொல்லியே அழுவாரு, சாகுற வரைக்கும். அதுக்கப்புறம் எனக்கும் யாரு முன்னாடியும் போயி நிக்கப் புடிக்கல."

சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ் தாமதம் என்று சொல்வது போல.

பரளச்சி பஸ் வந்தது. பிள்ளைகள் ஐஸ் ஒழுகும் கையோடு ஓடி வந்து ஏறினார்கள். நானும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். டீச்சர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். நிறத்தால் இல்லை டீச்சர், உங்கள் அப்பாவால் இல்லை, அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள், நான் சொன்ன ஒரு வார்த்தையால் திரும்பிப் போனார்கள். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. டிரைவர் திரும்பி வர நன்றாகப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் டீச்சர், மூத்தவன் எந்த வகுப்பு, சின்னவளுக்குக் கணக்கு வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.